சுண்ணாம்பும் கடலும்

கடல்நீரில் உப்பு உண்டு என்பதை நாவே உணர்த்திவிடும். அதில் சுண்ணாம்பும் உண்டு என்பதை உணர்த்த ஒரு சங்கோ ஒரு சிப்பியோ வேண்டும். கரையில் பொறுக்கியெடுக்கும் ஒவ்வொரு கிளிஞ்சலும், நீரில் கரைந்து கண்ணுக்குப் புலனாகாதிருந்த சுண்ணாம்பு, ஓர் உயிரின் உழைப்பால் உருப்பெற்று வந்த வடிவமே ஆகும். இவ்வுழைப்பாளிகளுள் தலையாயது பவளப்பூச்சி. பல இனங்களில் கடுகளவும் மிளகளவுமே உள்ள அவ்வுயிர், தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பிய கோட்டைகளே பவளப்பாறைகள்.

அக்கோட்டையை மனிதன் உடைத்தெடுத்த காலம் ஒன்று உண்டு. அதனைத் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்க முற்பட்ட காலம் மற்றொன்று. முதற்காலத்தில் அவன் அளவின்றி எடுத்தான். இரண்டாம் காலத்தில் அளவின்றிக் கொடுத்தான். இரண்டிலும் கெட்டது பவளமே.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, தெப்ராவ் நீரிணையின் கரையில் அமைந்தது பெர்மாஸ் ஜெயா. அங்கே ஒருவர் பவளத்தொட்டி ஒன்றை வைத்துப் பேணத் தொடங்கினால், சில திங்களுக்குள் அவர் எதிர்ப்படக்கூடிய இடர்களுள் ஒன்று, நீரின் காரத்தன்மை அளவு கடந்து ஏறிவிடுவதாகும். இது வெறும் பொழுதுபோக்காளரின் தொல்லை என்று தள்ளிவிடத்தக்கதன்று. அதன் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று நிற்கின்றது.

எடுத்த கை

தமிழர் வாழ்வில் சுண்ணாம்புக்குத் தனியிடம் உண்டு. கோயில் மதிலும் வீட்டுச் சுவரும் அதனால் எழுந்தன; வெற்றிலைத் தட்டும் அதனால் நிறைந்தது. கடற்கரை மாவட்டங்களில் கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, பளிங்கு போன்ற பூச்சுக்குப் பெயர் பெற்றது. 'சென்னைச் சுண்ணாம்பு' என ஆங்கிலேயரும் அதனைப் போற்றினர்.

அக்கலை கடல் கடந்து மலாயாக் கரைக்கும் வந்தது. 1825ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்நகரின் சாலைகளும் பாலங்களும் கட்டடங்களும் பெரும்பாலும் அவர்தம் உழைப்பால் எழுந்தவை. 1856ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1862ஆம் ஆண்டில் அருட்பொழிவு செய்யப்பெற்ற புனித அந்திரேயர் பேராலயத்தின் சுவர்களில், கிளிஞ்சல் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்தரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்து பூசியவர்கள் அவர்களே. கட்டுமானத்திற்கு வேண்டிய சுண்ணாம்பிற்காகத் தீவைச் சுற்றியிருந்த பவளத்திட்டுகளும் வெட்டப்பட்டன. கடலுக்கடியில் பன்னெடுங்காலம் வளர்ந்தது, சூளையில் சில நாளில் நீறாயிற்று.

மன்னார் வளைகுடாவில் இவ்வழிவு இன்னும் பெரிதாக நிகழ்ந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளை ஒட்டிய 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள், சுண்ணாம்புச் சூளைகளுக்காகவும் ஆலைகளுக்காகவும் பல்லாண்டுகள் அகழப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற அரண் தகர்ந்தபின், விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. 1986ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் பவளங்கள் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. எனினும், 2004ஆம் ஆண்டு இறுதியில் ஆழிப்பேரலை வந்து பாறையின் அருமையை உணர்த்திய பின்னரே அகழ்வு அடங்கியது. இலங்கையின் தென்மேற்குக் கரையிலும், பவளம் வெட்டப்பட்டிருந்த இடங்களில் அவ்வலை கூடுதல் சீற்றத்துடன் ஊருக்குள் புகுந்ததை ஆய்வாளர் கண்டுரைத்தனர்.

அளந்த கை

ஒருபுறம் சூளைகள் எரிந்துகொண்டிருக்க, மறுபுறம் கடல்நீரைக் குடுவையிலிட்டு ஆராயும் முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. 1854ஆம் ஆண்டில் 'அக்குவேரியம்' என்னும் சொல்லைத் தம் நூலின் வாயிலாகப் பரப்பிய ஆங்கிலேய இயற்கையறிஞர் பிலிப் ஹென்றி காஸ், கடலுக்குச் செல்லாமலே கடல்நீர் செய்யவும் முயன்றார். சமையலுப்பும் பேதியுப்பும் வேறு இரண்டு உப்புகளும் அவருடைய கலவையில் இடம்பெற்றன. கார்பனேட் சுண்ணாம்பை அவர் விட்டுவிட்டார். கடலில் அதன் அளவு மிகச் சிறிது. தொட்டியின் அடியில் கிடக்கும் கிளிஞ்சலும் பவளத்துண்டும் அதனைத் தந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். அளவில் சிறியது என ஒதுக்கப்பட்ட அப்பொருளே, பின்னாளில் பவளம் வளர்ப்போர் நாள்தோறும் அளந்து பார்க்கும் பொருளாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1865ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஃபோர்க்ஹாமர், கடல்நீரில் முதன்மை உப்புகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ மாறாத விகிதத்தில் இருப்பதை எடுத்துக்காட்டினார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய 'சாலஞ்சர்' கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் ஆராய்ந்து, 1884ஆம் ஆண்டில் அவ்வுண்மையை உறுதிப்படுத்தினார். அதே காலத்தில், வட அட்லாண்டிக் ஆய்வுப் பயணத்தில் பங்குபெற்ற நார்வே வேதியியலாளர் டோர்னோ, கடல்நீர் காரத்தன்மை உடையது என்பதையும், அதிலுள்ள கரியமிலவாயு பெரும்பாலும் கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் கட்டுண்டிருப்பதையும் நிறுவினார்.

காரத்தன்மை என்றதும் மிளகாயின் காரம் நினைவுக்கு வருதல் இயல்பு. இது அதுவன்று. ஒரு நீர், தன்மேல் விழும் அமிலத்தை எவ்வளவு தாங்கிக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவே காரத்தன்மை. 1909ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில் சோரன்சன் வகுத்த பி.எச். அளவு வேறு. பி.எச். என்பது ஒருவன் கையில் இப்பொழுதுள்ள பணத்தைப் போன்றது; காரத்தன்மை அவனுடைய சேமிப்பைப் போன்றது. கைப்பணம் காலையும் மாலையும் மாறும். சேமிப்பு மெல்லத்தான் மாறும். பவளம் கூடு கட்ட எடுப்பது இச்சேமிப்பிலிருந்தே.

இச்சேமிப்பை அளக்கத் தொட்டி வளர்ப்போர் கையாளும் படியும் சுண்ணாம்பின் பெயராலேயே அமைந்தது. ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிகிராம் சுட்ட சுண்ணாம்புக்கு இணையானது ஒரு 'ஜெர்மானியப் படி'. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 7 படியாகும். கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம் அளவிலும், மக்னீசியம் 1,280 மில்லிகிராம் அளவிலும் இருக்கும். இம்மூன்றின் இசைவே பவளத்தின் வாழ்வு.

வளர்த்த கை

சோரன்சன் தம் அளவை வெளியிட்ட அதே 1909ஆம் ஆண்டில், சென்னை மெரினா கடற்கரையில் மீன்காட்சிச்சாலை ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் எழுந்த அது, இரண்டாம் உலகப்போரின் போது மூடப்பட்டு மறைந்தது. சிங்கப்பூரில் 1955ஆம் ஆண்டில் வான் கிளீஃப் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இவற்றில் மக்கள் கண்டு களித்தவை பெரும்பாலும் மீன்களே. உயிர்ப்பவளத்தைத் தொட்டியில் வளர்ப்பது அரிய செயலாகவே நெடுங்காலம் இருந்தது.

1956ஆம் ஆண்டில் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ரெனே கத்தாலா அமைத்த மீன்காட்சிச்சாலையில் பவளங்கள் உயிரோடு செழித்தன. கடலிலிருந்து இடைவிடாது வந்த புதுநீரே அதற்குத் துணை. பவளம் எவ்வளவு சுண்ணாம்பை எடுத்தாலும், அடுத்து வரும் நீர் அதனை ஈடு செய்துவிடும். ஆங்குக் கணக்குப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் இம்மலாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது பெருமைக்குரியது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே நம்பி, சிறு தொட்டிகளில் பவளங்களை வளர்த்துக் காட்டினார். 1961ஆம் ஆண்டில் அவர் தம் முறையை எழுதி வெளியிட்டார். அழுக்கை நீக்கும் பணியைப் பாறையில் வாழும் நுண்ணுயிர்களே செய்தன. விலையுயர்ந்த கருவிகள் ஏதுமில்லாமல் அவர் கண்ட வழியே, இன்றைய பவளத்தொட்டிகள் யாவற்றுக்கும் அடிப்படையாக உள்ளது.

ஆயினும், கடலோடு தொடர்பற்ற தொட்டியில் சுண்ணாம்பு நாளடைவில் தீர்ந்துபோகும். இக்குறையை நீக்க, 1970களில் பீட்டர் வில்கென்ஸ் என்னும் ஐரோப்பியர் சுண்ணாம்புத் தெளிநீரைத் தொட்டியில் சிறிது சிறிதாகச் சேர்க்கும் முறையைப் பரப்பினார். நீற்றிய சுண்ணாம்பு, லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் அளவே நீரில் கரையும். பவளம் எந்த விகிதத்தில் கால்சியத்தையும் காரத்தையும் எடுக்கிறதோ, அதே விகிதத்தில் தெளிநீர் அவ்விரண்டையும் திருப்பித் தந்தது. பாறையைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு பாறைக்கே உணவாகத் திரும்பிய காட்சி, வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம். 1994ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹான்ஸ் வெர்னர் பாலிங், கால்சியம் குளோரைடையும் சமையல் சோடாவையும் தனித்தனிக் கரைசலாகச் சேர்க்கும் முறையை வெளியிட்டார். அன்று முதல் கொடுப்பது எளிதாயிற்று. கொடுப்பது எளிதானபோது, மிகையாகக் கொடுப்பதும் எளிதாயிற்று.

நீரிணைக் கரையில்

பெர்மாஸ் ஜெயாவின் எதிரே கடல் விரிந்து கிடக்க, அங்குள்ளவர் ஏன் உப்புப்பொடியை வாங்கி நீர் கலக்க வேண்டும் என்னும் வினா எழலாம். விடை நீரிணையின் வரலாற்றில் உள்ளது.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் பணி 1919ஆம் ஆண்டில் தொடங்கியது. 1923ஆம் ஆண்டில் இரயில் ஓடியது. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறப்புவிழா நடைபெற்றது. பெயர் பாலம் எனினும், அது தூண்கள் மேல் நிற்பதன்று. கருங்கல்லைக் கொட்டி நிரப்பிய கரை. மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஓடிய ஓதநீர் அதனால் தடைப்பட்டது. தெப்ராவ் ஆறும் ஜொகூர் ஆறும் கொணரும் நன்னீர் கிழக்குப் பகுதியில் கலக்க, உப்பின் அளவு பருவத்திற்கேற்ப ஏறியிறங்குகின்றது. இருகரையிலும் பெருகிய நகரங்களின் கழிவும் அதில் சேர்ந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் நுண்பாசிகள் பெருகி, நீரிணையின் கிழக்குப் பகுதியில் மிதவைப் பண்ணைகளின் மீன்கள் பெருமளவில் மடிந்தன.

இந்நீரைக் குடத்தில் முகந்து பவளத்தொட்டியில் ஊற்றுதல் ஆகாது. ஜொகூர் மாநிலத்தின் பவளங்கள் செழிப்பது மெர்சிங்கிற்கு அப்பால், ராவா, திங்கி, அவுர் முதலிய தீவுகளைச் சூழ்ந்த தெளிந்த நீரில்தான். அத்தீவுகளைச் சூழ்ந்த கடல் 1994ஆம் ஆண்டு முதல் கடல் பூங்காவாகக் காக்கப்படுகிறது. ஆதலின், நீரிணைக் கரையில் வாழ்பவர் உப்புக்கலவையைத் தூய நீரில் கரைத்தே தம் கடலைப் படைத்துக்கொள்ள வேண்டியவராகிறார். தாம் படைத்த கடலுக்குக் கணக்குப் பார்க்கும் கடமையும் அவருடையதே.

மிகை வந்த வழியும் தீரும் வழியும்

தொட்டியின் காரத்தன்மை 7 முதல் 10 படிக்குள் நிலையாக இருத்தல் நன்று. 12, 14 என ஏறுமாயின், காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, கை மிகை. 100 லிட்டர் நீரின் காரத்தன்மையை ஒரு படி உயர்த்த 3 கிராம் சமையல் சோடா போதும். ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் பிடிக்கும். மூன்று கரண்டியை ஒரே நாளில் கொட்டிவிட்டால், 7 படியில் இருந்த நீர் 12 படிக்கு ஏறிவிடும். இரண்டாவது, பவளத்தின் தளர்ச்சி. நோயாலோ வெப்பத்தாலோ அதன் வளர்ச்சி நின்றால், சுண்ணாம்பை எடுப்பதும் நின்றுவிடும். சேர்ப்பவரோ பழைய அளவையே நாள்தோறும் சேர்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது, உப்புக்கலவை. சில வகைக் கலவைகள் கரைத்தவுடனேயே 11, 12 படி காட்டுவன. நான்காவது, ஈடுநீர். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் கடினத்தன்மையுள்ள குழாய்நீரை ஊற்றினால், நீர் ஆவியாகும். அதிலிருந்த காரம் தொட்டியிலேயே தங்கித் திரளும். ஐந்தாவது, உப்பு மிகை. உவர்ப்பு கிலோவுக்கு 35 கிராம் என்னும் அளவைக் கடந்தால், மற்றவற்றோடு காரமும் உடன் ஏறும்.

மிகையின் அறிகுறிகளும் உண்டு. நீர் சூடேற்றியின் மேலும் இறைப்பியின் உள்ளும் வெண்பொருக்குப் படியும். மிகை முற்றினால், நீர் முழுதும் வெண்மாவு தூவினாற்போல் கலங்கி, கால்சியம் தாழ்ந்துவிடும். சத்துக் குறைந்த தெளிநீரில் வாழும் கிளைப்பவளங்களின் நுனிகள் வெந்தாற்போல் வெளுத்துத் தோல் உரியும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வேகும் என்பதை அறிந்த தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையில் முதற்கண் செய்யத்தக்கது, அளவையே ஐயுறுவதாகும். சோதனைமருந்து பழையதாயின் பொய்யுரைக்கும். வேறொரு மருந்தால் மீண்டும் அளந்து, உவர்ப்பையும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உடன் பார்த்தல் வேண்டும். மிகை உண்மையெனத் தெளிந்தால், சேர்ப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும். நலமுள்ள பவளங்கள் நிறைந்த தொட்டி, நாளொன்றுக்கு ஒரு படி அளவைத் தானே உண்டு தீர்த்துவிடக்கூடும். பவளம் குறைந்த தொட்டியாயின், காரத்தன்மை குறைந்த கலவையால் சிறிது சிறிதாக நீர் மாற்றலாம். 12 படியில் உள்ள 100 லிட்டரில் 20 லிட்டரை நீக்கி, 8 படி நீரை ஊற்றினால், அது 11.2 படிக்கே இறங்கும். ஒரே நாளில் ஒரு படிக்கு மேல் இறக்காதிருத்தல் பாதுகாப்பானது. மிகையைக் காட்டிலும் திடீர் மாற்றம் பவளத்தைக் கொல்லும்.

அமிலம் ஊற்றி உடனே சரிசெய்ய முனைவோரும் உளர். கடுமையான அமிலம் காரத்தைக் குறைப்பது உண்மையே. ஆனால், அதனோடு பி.எச். அளவும் சரிந்து விழும். புளிக்காடியோ வேறு வகையில் ஏமாற்றும். ஊற்றியவுடன் பி.எச். இறங்கும்; நுண்ணுயிர்கள் அக்காடியை உண்டபின் போன காரம் திரும்பி வந்துவிடும். ஆகவே நிறுத்துதல், அளத்தல், பொறுத்தல் ஆகிய மூன்றுமே நன்மருந்து. எவ்வளவு சேர்த்தோம், எந்நாளில் சேர்த்தோம் என்னும் குறிப்பேடு ஒன்று இருப்பின், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

கடலே தொட்டியானால்

தொட்டியில் மிகையைக் கண்டு அஞ்சும் இதே காலத்தில், பெருங்கடலில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. ஆலைகளும் ஊர்திகளும் உமிழும் கரியமிலவாயுவில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடற்பரப்பின் பி.எச்., இன்று 8.1 அளவிற்கு இறங்கியுள்ளது. எண் சிறிதாயினும், கூடு கட்டும் உயிர்களுக்கு அது பெருஞ்சுமை.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைச் சேர்ந்த ஒன் டிரீ தீவில், ஆய்வாளர் சிலர் பாறையின் மேல் ஓடும் நீரில் காரத்தைச் சேர்த்து, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை ஒத்த நீரை உண்டாக்கிப் பார்த்தனர். பவளத்திட்டின் சுண்ணாம்புக் கட்டுமானம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. இவ்வாய்வு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெருங்கடலுக்கே காரம் ஊட்டிக் கரியமிலவாயுவை ஈர்க்கலாமா என்னும் ஆராய்ச்சியும் இன்று நடைபெறுகின்றது.

இங்கேதான் சிறு தொட்டியின் வரலாறு பெருங்கடலுக்குப் பாடமாகின்றது. தொட்டியில் கை தவறினால், உப்புக்கலவையை மாற்றி மீளலாம். கடலுக்கு மாற்றுநீர் இல்லை. அன்று சூளைக்காரன் பாறை வற்றாது என எண்ணி எடுத்தான், வற்றியது. கொடுத்தால் கேடில்லை என எண்ணிக் கொட்டினோரின் தொட்டிகளில் பவளம் வெந்தது. இனிக் கடலுக்குக் கொடுக்க முனைவோர், எடுத்த கையின் பிழையையும் கொடுத்த கையின் பிழையையும் ஒருங்கே அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீட்டுக் கூடத்தில் பவளத்தொட்டி ஒன்று செழித்து நிற்குமாயின், அதன் உரிமையாளர் நாள்தோறும் அளந்து குறித்துவைத்ததன் பயனே அது. சில மணித்துளிகளில் முடியும் அச்சிறு வேலையை, அவருடைய கூடத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலுள்ள நீரிணைக்கும் செய்வதற்கு ஊரும் நாடும் முன்வருமாயின், தொட்டியிலிருந்து கற்ற கல்வி வீண் போகாது.